பின் கதவைத் திறந்தால் யார் முகம்

காலை ஐந்து ஐம்பத்தெட்டு. பெரியம்மா விழுந்த நேரம் அது. அவர் கையில் கடிகாரம் கிடையாது. கால் வழுக்கிய அந்த நொடியில் தூரத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள் என்று பிறகு மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி சொன்னார். நான் ஈப்போ வட்டாரத்தின் தொழுகை நேர அட்டவணையைத் தேடி எடுத்து, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டேன். ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி நான். யாராவது விழுந்துவிட்டால் முதலில் நேரத்தை எழுதுவேன். பிறகு இடம், காரணம், தடுத்திருக்கக்கூடிய வழி. பெரியம்மாவுக்காக எழுதிய தாளில் கடைசிக் கட்டம் மட்டும் சில வாரங்கள் காலியாகவே கிடந்தது.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. அப்பாவுக்கு லூமுட்டில் வேலை கிடைத்து அம்மாவும் அவரும் அங்கே போனபோது, தமிழ்ப்பள்ளிப் படிப்பு கெடக்கூடாது என்று என்னைச் சுங்காய் பக்கத்துத் தோட்டத்தில் பெரியம்மாவிடம் விட்டுப் போனார்கள். நான்கு ஆண்டுகள் அவருடைய லயத்து வீட்டில், தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், வளர்ந்தேன். அப்போது அவர் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார், ரப்பர் மரப் பட்டையைக் கத்தியால் சீவிப் பால் எடுக்கும் வேலை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து, மருத்துவமனையில் ஆயாவாக வேலை செய்து ஓய்வு பெற்றார். பிள்ளைகள் இல்லை. பெரியப்பா போய்ப் பல காலம் ஆகிறது. ஈப்போவின் புந்தோங்கில் அவர் வாடகைக்கு இருந்த மாடி வீட்டை உரிமையாளர் விற்கப்போவதாகச் சொன்னபோது, ஷா ஆலாமுக்கு வந்துவிடுங்கள் என்று நானும் என் மனைவியும் அழைத்தோம். "ஒங்க வீட்ல நாள் முழுக்க நா யார்கிட்ட பேசறது? வாஷிங் மெஷின்கிட்டயா?" என்றார். அப்படித்தான் ஈப்போவுக்கு வெளியே, சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில், பழைய ரப்பர் தோட்டம் ஒன்றில் எழுந்திருந்த முதியோர் குடியிருப்புக்குப் போய்ப் பார்த்தோம்.

குடியிருப்பு என்று சொன்னாலும் அது ஒரு சிறு பட்டணம். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏரிக்கரையை ஒட்டி ஒரு பகுதி. மருத்துவ நிலையத்துக்குப் பக்கத்தில் செம்பாக்கா என்ற பகுதி. வேலையாட்கள் வந்து போகும் பின் வாசலுக்கு அருகே மெலூர். ஏரி வீடுகள் எங்கள் சக்திக்கு மீறியவை. மற்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் மகளுக்குப் பள்ளி தேடிய காலத்தில் செய்ததைப்போல ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். மருத்துவ நிலையம் எத்தனை அடி, தரை ஓடு வழுக்குமா, குளியலறையில் கைப்பிடி உண்டா, ஆபத்தில் இழுக்கும் கயிறு தரையில் கிடப்பவருக்கு எட்டுமா. செம்பாக்கா எல்லாவற்றிலும் தேறியது.

பெரியம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீட்டைச் சுற்றிக்காட்டிய தமிழ்ப் பெண்ணிடம், "ஏம்மா, அடுப்படி பின் கதவத் தொறந்தா யாரு மூஞ்சி தெரியும்?" என்றார்.

அந்தப் பெண் பெருமையோடு, "யாரு மூஞ்சியும் தெரியாது ஆன்ட்டி! ஃபுல் பிரைவசி. செவரு, அதுக்கு அப்பறம் மரம், அதுக்கு அப்பறம் மலதான்" என்றாள்.

பெரியம்மா பின் கதவைத் திறந்து பார்த்தார். அழகுக்காக விட்டுவைத்திருந்த நான்கைந்து ரப்பர் மரங்கள் சுவருக்கு அப்பால் நின்றன. "பட்டைய பாரு, மேலெல்லாம் காயம். கத்தி புடிக்கத் தெரியாதவன் வெட்டிருக்கான்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

பிறகு மெலூருக்குப் போனோம். முதல் கட்டத்தில் கட்டிய சிறிய வீடுகள். இரண்டிரண்டு வரிசைகளாக, சமையலறைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. நடுவே ஒரு சந்து. சந்தில் துணிக்கொடிகள், கறிவேப்பிலைத் தொட்டிகள், யாரோ கருவாடு பொரிக்கும் வாசனை. ஒரு சீனக் கிழவர் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே எதிர்வீட்டுக்காரரோடு மலாயில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்த எதிர்வீட்டுக்காரரும் சிரித்துக்கொண்டே திருப்பித் திட்டினார். பெரியம்மா அந்தச் சந்தில் காரணமில்லாமல் இரண்டு முறை நடந்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் மறுத்தேன்.

காரணத்தை அன்றைக்குச் சொல்லவில்லை. மருத்துவ நிலையம் தூரம் என்று மட்டும் சொன்னேன். உண்மையில் அந்தச் சந்தைப் பார்த்ததும் அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது லயம். கூரை ஓடும் தரை ஓடும் மாறியிருந்தாலும் லயம்தான். படித்து, வேலைக்குப் போய், தோட்டத்துப் பிள்ளை என்ற பெயரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி வைத்தவன் நான். என்னை வளர்த்தவரைக் கடைசிக் காலத்தில் மறுபடியும் ஒரு லயத்தில் கொண்டுபோய்க் குடிவைத்தேன் என்று உறவுக்காரர்கள் பேசுவார்கள். தோட்டத்திலிருந்து வந்த எங்களைப் போன்றவர்கள் வீடு பார்க்கும்போது இந்தத் தவறு எளிதாக நடந்துவிடுகிறது. சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

"சரிய்யா. நீ படிச்சவன், நீ சொன்னா சரியா இருக்கும்" என்றார் பெரியம்மா.

பின் கதவைத் திறந்தால் யார் முகம் தெரியும் என்று அவர் ஏன் கேட்டார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. லயத்தில் விடிகாலை நான்கரைக்கு எல்லா அடுப்படியிலும் விளக்கு எரியும். ஐந்தரைக்குப் பெரட்டு, ஆள் கணக்கெடுத்து அவரவர் வெட்ட வேண்டிய மர வரிசைக்கு, நிரைக்கு, அனுப்புவார்கள். எந்த வீட்டு அடுப்படி இருட்டாக இருக்கிறதோ, அந்த வீட்டுப் பலகைச் சுவரில் அடுத்த வீட்டுக்காரர் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவார். உள்ளேயிருந்து ஒரு தட்டு திரும்பி வந்தால் போதும், அவரவர் வேலையைப் பார்க்கலாம். வராவிட்டால் பின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவார்கள். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் கண்டு பெரியம்மா இரவெல்லாம் விழித்திருந்து விடியும் நேரத்தில் தூங்கிப்போனார். தட்டுச் சத்தம் கேட்டு நான்தான் விழித்தேன். பதில் தட்டு கொடுக்க வேண்டும் என்று தெரியாமல் படுத்திருந்தேன். மூன்று பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். நன்றாக இருக்கிறாயா என்று யாரும் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை.

செம்பாக்காவில் பெரியம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஒரு தம்பதி. பார்த்தால் கை கூப்பிச் சிரிப்பார்கள், குளிர்சாதனம் போட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பெரியம்மா மட்டும் நாள்தோறும் காலையில் கிளம்பி, அந்தக் கால் மணி நேரத் தூரத்தை நடந்து மெலூருக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே ஒரு மிஸ்ஸி இருந்தார். எங்கள் பக்கம் மருத்துவமனைத் தாதியை அப்படித்தான் அழைப்போம். ஈப்போ மருத்துவமனையில் பெரியம்மா ஆயாவாக இருந்த காலத்தில் அதே வார்டில் மிஸ்ஸியாக இருந்தவர். பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த கிறிஸ்தவர். வேலை பார்த்த நாட்களில் பெரியம்மா அவருக்குப் பயப்படுவாராம். இப்போது மிஸ்ஸி பெரியம்மாவை அக்கா என்கிறார். ஒருநாள் நான் போயிருந்தபோது இருவரும் அந்தச் சந்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"தம்பி, ஒங்க பெரியம்மா தெனம் இங்க வந்து என் கோப்பியக் குடிச்சிட்டு, வீட்டு வாடக குடுக்கறது மட்டும் அந்தப் பக்கம். இது என்னா நியாயம்லா?" என்றார் மிஸ்ஸி.

"அவ போடற கோப்பிக்கு நா வந்து குடிக்கறதே பெருசு" என்றார் பெரியம்மா.

நானும் சிரித்தேன். வெயிலில் இவ்வளவு தூரம் நடக்க வேண்டாம் என்று பெரியம்மாவுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். மிஸ்ஸியின் தொலைபேசி எண்ணை வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அலுவலகம், காவல் அறை, மருத்துவ நிலையம், ஆம்புலன்ஸ் எல்லாவற்றின் எண்களும் என்னிடம் இருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு வழக்கம்போல் அழைத்தேன். எடுக்கவில்லை. எட்டு பத்துக்கும் எடுக்கவில்லை. மெலூருக்குப் போயிருப்பார், போனை வீட்டிலேயே வைத்துவிட்டிருப்பார் என்று நினைத்தேன். கொஞ்சம் எரிச்சலும் வந்தது. எட்டே முக்காலுக்குக் காவல் அறையை அழைத்தேன். காவலர் போய் முன் வாசல் மணியை அடித்துப் பார்த்துவிட்டு, வீடு பூட்டியிருக்கிறது, பாட்டி தோழி வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று மலாயில் சொன்னார். அவரும் நான் நினைத்ததையேதான் நினைத்தார். மெலூரில் எந்த வீடு என்று கேட்டார். எண் எனக்குத் தெரியவில்லை. கறிவேப்பிலைத் தொட்டி வைத்த வீடு என்றேன். அங்கே எல்லார் வீட்டிலும் கறிவேப்பிலை இருக்கிறது என்றார்.

காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழி முழுக்க அந்தக் கயிறு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. விழுந்திருந்தால் கயிற்றை இழுத்திருப்பார், இழுத்திருந்தால் மணி அடித்திருக்கும், அடிக்கவில்லையென்றால் விழவில்லை என்று எனக்கு நானே நிரூபித்துக்கொண்டு ஓட்டினேன். கயிற்றைப் பெரியம்மா சுருட்டி, தண்ணீர் சூடாக்கும் பெட்டியின் மேல் கட்டி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. தோட்டத்துப் பழக்கம் விடாமல் தினமும் காலையில் நான்கு வாளி தண்ணீர் அடித்துக் குளியலறையைக் கழுவுகிறவர் அவர். கயிறு நனைந்து அழுக்காகிறதே என்று அதைப் பத்திரப்படுத்தியிருக்கிறார். கழுவிய ஈரத்தில்தான் வழுக்கினார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. முதலில் கத்திப் பார்த்திருக்கிறார். நான் பாராட்டித் தேர்ந்தெடுத்த அந்தத் தடித்த சுவர்கள் அந்தக் குரலை அடுத்த வீட்டுக்கு விடவில்லை, பின்பக்க ஜன்னலுக்கு வெளியே கேட்க ஆள் இல்லை. பிறகு அலுமினியக் குவளையால் சுவரில் இரண்டு இரண்டாகத் தட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. குழாய் ரிப்பேர் நடக்கிறது என்று நினைத்தாராம். பிறகு மருத்துவமனைக்கு வந்த அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லி அழுதார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. அந்தத் தட்டுக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் யாரும் அந்தப் பகுதியில் இல்லை. தெரிந்த ஒருவன் அப்போது நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தான்.

சுங்காய் தாண்டும்போது பெரியம்மாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது மிஸ்ஸி. "தம்பி, பயப்படாதீங்க, ஆள் இருக்கு. ஆம்புலன்ஸ்ல ஏத்தியாச்சு. மெதுவா ஓட்டிட்டு வாங்க" என்றார். நான் காரை ஓரமாக நிறுத்தினேன்.

பெரியம்மா இப்போது மெலூரில் இருக்கிறார், மிஸ்ஸிக்கு எதிர்வீட்டில். நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை போய் விளக்கைப் போடுகிறார். மருத்துவ நிலையம் தூரம்தான். அந்தக் கவலை எனக்கு இன்னும் தீரவில்லை. பினாங்கில் படிக்கும் என் மகள் சென்ற மாதம் புதிதாக அறை பார்த்திருப்பதாகச் சொன்னாள். முன்பென்றால் பூட்டையும் கேமராவையும் விசாரித்திருப்பேன். நீ ஒரு நாள் எழுந்து வராவிட்டால் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். "என்னாப்பா, காலங்காத்தால இப்படி கேக்கறீங்க?" என்று கடிந்துகொண்டாள். பிறகு யோசித்து, எதிர் அறைப் பெண்ணின் பெயரைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

விழுந்ததைப் பற்றிப் பெரியம்மா அதிகம் பேசுவதில்லை. மிஸ்ஸி வந்ததை மட்டும் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மிஸ்ஸி காலைப் பூசைக்குப் போய்விட்டு வருவார் என்பதால் அன்று மட்டும் கோப்பி ஒன்பது மணிக்கு. ஒன்பது பத்து வரை பார்த்திருக்கிறார். பூசைக்குக் கட்டிய பட்டுச் சேலையோடு அப்படியே நடந்து செம்பாக்காவுக்கு வந்திருக்கிறார். முன் வாசலில் காவலர், வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லாமல், வீட்டைச் சுற்றிக்கொண்டு சாக்கடை ஓரமாகவே பின்பக்கம் போயிருக்கிறார்.

பெரியம்மா தரையில் கிடந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். குளியலறை ஜன்னலில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்துச் செருகிய கண்ணாடிச் சட்டங்களில் கீழ்ச்சட்டத்தை வெளியிலிருந்து நான்கு விரல்கள் பிடித்தன. அது நழுவி வெளியே போயிற்று. அடுத்தது போயிற்று. ஒவ்வொன்றாக ஆறு சட்டங்களையும் உருவி மிஸ்ஸி புல்லில் வைத்திருக்கிறார். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. பிறகு பவுடர் பூசிய முகமும், மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடியும் அந்த இடைவெளியில் தெரிந்தன. மிஸ்ஸிக்கு மூச்சு வாங்கியது. பெரியம்மாவை மேலிருந்து கீழ்வரை, வார்டில் பார்ப்பதுபோல, ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

"என்னாக்கா, கோப்பி ஆறிப் பச்சத் தண்ணியா போச்சு. வரலன்னா ஒரு வார்த்த சொல்லி அனுப்பணும்லா."