மூன்று முறை அழைத்தார்களாம்

கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்ப்பாளன். தமிழில் சொல்வதைச் சிங்களத்திலும் சிங்களத்தில் கேட்பதைத் தமிழிலும் சொல்வது வேலை. இடது காது சிறுவயதிலேயே போய்விட்டது. வலது காதில் ஒரு கருவி, அது இல்லாவிட்டால் அந்தக் காதும் கேட்காது. தலைமுடியைக் கொஞ்சம் நீளமாக விட்டு, எட்டு வருடமாக அதை மறைத்து வந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கருவி செத்துப்போனது. வியாழக்கிழமை கொட்டாஞ்சேனைப் பெண்ணொருவரின் சாட்சியம். கணவன் அடித்த வழக்கு, இரண்டு வருடமாகத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. தமிழ் தெரிந்த மற்ற மொழிபெயர்ப்பாளர் பிரசவ விடுமுறையில் இருந்தார். நான் லீவு போட்டால் வழக்கு மறுபடி தள்ளிப்போகும்.

பெருந்தெருவான காலி வீதியில் கருவியை வாங்கிய கடைக்கு ஓடினேன். விற்கும்போது கதிரை போட்டுக் கோப்பி தந்த அதே பெண், சிரித்தபடி ஒரு கடதாசித் துண்டில் எழுதி நீட்டினார்: "ரிப்பெயர் எல்லாம் வெப்சைட்டிலதான் சேர்."

வெப்சைட்டில் நரைத்த தம்பதி ஒன்று கடற்கரையில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. 'தமிழ்' என்பதை அழுத்தினேன், ஆங்கிலம் வந்தது. கேள்வியை எழுதினால், 'பற்றரியைச் சார்ஜ் செய்தீர்களா?' என்று திரும்பத் திரும்ப ஒரே பதில். கருவியின் உள்ளே எறும்பின் கால் போல ஓர் இலக்கம்; மனைவி போனில் படம் பிடித்துப் பெருப்பித்து வாசித்தாள். பற்றுச்சீட்டின் படம் பெரிதாக இருக்கிறதென்று இரண்டு முறை தள்ளிவிட்டது. கடைசியில் ஒரு வரி வந்தது: அதிகாரி தொலைபேசியில் அழைப்பார், மூன்று அழைப்புக்குப் பதில் இல்லையென்றால் முறைப்பாடு மூடப்படும்.

செவிடர்களுக்குச் சாமான் விற்பவன் எழுதி வைத்திருக்கும் விதி இது. மனைவியின் போன் இலக்கத்தைப் போட்டேன், வாங்கும்போது கொடுத்த இலக்கம் மட்டும்தான் செல்லுமாம். 'எனக்குக் காது கேட்காது, எழுத்தில் அனுப்புங்கள்' என்று கெஞ்சி எழுதினேன். அதை எவன் வாசித்தான்?

செவ்வாயும் புதனும் தமிழ் வழக்கு இல்லாவிட்டாலும் நான் நீதிமன்றத்தில்தான் நின்றேன், மனைவி பக்கத்தில் இல்லை. மூன்று முறையும் நான் போனை எடுத்தேன். சட்டைப் பைக்குள் அது துடித்ததும் நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள தேநீர்க்கடை வாசலில் நின்று கத்தினேன்: "ஹலோ, எனக்குக் கேக்காது! மெசேஜ் போடுங்கோ!" கறுப்புக் கோட்டு அப்புக்காத்துமார் திரும்பிப் பார்த்தார்கள். எட்டு வருடம் மறைத்ததை மூன்று அழைப்பில் தெருவுக்கே சொல்லியாயிற்று. புதன் மாலை மின்னஞ்சல் வந்தது. வாடிக்கையாளர் பதிலளிக்காததால் முறைப்பாடு மூடப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? பிழை செய்தால்கூட மன்னித்திருப்பேன். இது பிழை இல்லை, நம்மைத் துரத்திவிடுவதற்கென்றே யோசித்துக் கட்டிய வேலி.

வியாழக்கிழமை, உதட்டைப் பார்த்துச் சமாளிக்கலாம் என்று துணிந்து போனேன். அந்தப் பெண் சாட்சிக்கூண்டில் ஏறியதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பேசத் தொடங்கினார். தலைப்பு அசைந்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நீதவான் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லி ஒப்பேற்ற எனக்குத் தெரியும், ஆனால் நான் சொல்லவேண்டியது அந்தப் பெண்ணின் முதுகில் விழுந்த அடி.

எழுந்து நின்று, எனக்குக் காது கேட்கவில்லை என்று நீதவானிடம் சிங்களத்தில் சொன்னேன். அவர் வழக்கேட்டில் எழுதி என் பக்கம் திருப்பிக் காட்டினார், மூன்று மாதம் தள்ளித் தவணை. அதைத் தமிழில் சொல்ல அங்கே என்னைவிட்டால் ஆளில்லை.

"அம்மா, எனக்குக் காது கேக்கேல்ல. உங்கட வழக்கு தள்ளிப்போகுது."

அவர் தலைப்பை எடுக்காமலே என்னிடம் ஏதோ கேட்டார். அதுவும் எனக்குக் கேட்கவில்லை.