ஓடிய மோட்டார், வராத தண்ணீர்

அன்று மோட்டார் ரூம் வாசலில் இருந்தவர்கள்: நான், என் மனைவி மல்லிகா, அவள் தம்பி தனசேகர், சிதம்பரத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் ஜமால் பாய், மாவு மில் அஞ்சலை அக்கா. அப்புறம்... காலிக் குடத்தோடு எங்கள் தெருவே.

தானே புயல் போய் ஆறாவது நாள். குறிஞ்சிப்பாடி பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு கரண்ட் கம்பம்கூட நேராக நிற்கவில்லை. கரண்ட் இல்லாமல் போர் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாமல் தண்ணீர் ஏது? வீட்டில் பிரசவத்துக்கு வந்த மகள், பத்து நாள் குழந்தை. நான் எப்படி இருந்திருப்பேன் என்று உங்களுக்குத் தனியாகச் சொல்லணுமா? வானம் லேசாக இருட்டினாலே ரேஷன் கார்டை பிளாஸ்டிக் கவரில் போடுகிற ஆள் நான்!

யாராவது வருவார்கள் என்று பார்த்தோம். வரவில்லை. சரி, நாமே பார்ப்போம் என்று வீட்டுக்கு நூறு ரூபாய் போட்டு டீசல் வாங்கினோம். திருவிழாவுக்கு வருகிற ஜெனரேட்டரைக் கேட்டு நானும் தனசேகரும் சிதம்பரம் போனோம். பாய் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தர்றேன். ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"நான்தான் பாய்."

வாய் சொல்லிவிட்டது. வண்டியில் ஏற்றுவதற்குள் ஜெனரேட்டரை நாலு தடவை சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டேன்.

ஜெனரேட்டர் ஊருக்குள் நுழைந்ததும் எங்கள் பெண்கள் ஒரு வேலை செய்தார்கள் பாருங்கள்... புதுத் தண்ணீர் பிடிக்கப் போகிறோமே என்று, பொத்திப் பொத்தி வைத்திருந்த பழைய தண்ணீரைக் கொட்டி, புளி போட்டுக் குடத்தையெல்லாம் பளபளவென்று விளக்கிவிட்டார்கள். மல்லிகாவும்தான்! ஆக, தெருவில் இப்போது ஒரு சொட்டு இல்லை.

பாய் மோட்டார் ஒயரை ஜெனரேட்டரில் மாட்டினார். ஸ்விட்சைப் போட்டார். கீழே மோட்டார் உறுமியது. குழாயில்... காற்றுகூட வரவில்லை.

பத்து நிமிஷம். இருபது நிமிஷம்.

"மாமா, மோட்டார் போச்சு போல" என்றான் தனசேகர்.

"வாயைக் கழுவுடா!"

"எதுல கழுவறது? அக்காதான் எல்லாத்தையும் கொட்டிடுச்சே."

பின்னாலிருந்து அஞ்சலை அக்கா ஏதோ சொல்ல வந்தார். "சும்மா இருங்கக்கா, நாங்களே டென்ஷன்ல இருக்கோம்" என்று அதட்டினேன். ஆண்கள் ஏழெட்டுப் பேர் போர் பைப்பைச் சுற்றி நின்று எட்டி எட்டிப் பார்க்கிறோம். முந்நூறு அடி ஆழத்தில் கிடப்பது யார் கண்ணுக்குத் தெரியும்?

கடைசியில் அக்கா என்னை ஒரு தள்ளு தள்ளிவிட்டு முன்னால் வந்தார்.

"மோட்டார் ரிவர்ஸ்ல ஓடுது தம்பி. லைன்மேன் கம்பியை மாத்திக் கட்டிட்டுப் போனா எங்க மில்லும் இப்படித்தான் பின்பக்கமா சுத்தும். அது கண்ணுக்குத் தெரியும், இது தெரியல. அவ்வளவுதான். பாய், மூணு ஒயர்ல ரெண்டை மட்டும் இடம் மாத்திக் குடுங்க."

பாய் ஜெனரேட்டரை நிறுத்தினார். மாற்றினார். மறுபடி ஓட்டினார்.

மூன்றாவது நிமிஷம் குழாய் இருமியது. முதலில் செம்மண் நிறத்தில் வந்தது. அப்புறம் தெளிந்தது. அப்புறம்... கூச்சல்தான், குடங்கள்தான்!

நான் அழுதேனா? மல்லிகா ஆமாம் என்கிறாள். தண்ணீர் தெறித்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தெரிந்தவர்கள் பேசட்டும் என்று எங்கே போனாலும் ஒதுங்கி நிற்கிறவன். அன்றைக்கு மட்டும், தெரிந்தவர் வாயையே மூடப் பார்த்திருக்கிறேன்! புயலில் என்னென்ன போச்சு என்று லிஸ்ட் எழுதினோமே... யார் யாருக்கு என்ன தெரியும் என்று ஒரு லிஸ்ட் எழுதினோமா?

மறுநாளிலிருந்து அந்த ஜெனரேட்டர் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் போனது. அஞ்சலை அக்காவும் கூடவே. இப்போது கரண்ட் வந்துவிட்டது. மோட்டார் ரூமில் ஜெனரேட்டர் மாட்ட தனி ஸ்விட்ச் வைத்திருக்கிறோம். மூன்று ஒயருக்கும் மூன்று கலர் டேப். ரூம் சாவி அஞ்சலை அக்காவிடம். அடுத்த புயலுக்கும் நான் பயப்படத்தான் போகிறேன் — ஆனால் தண்ணீருக்காக இல்லை. பேரன் நன்றாகத் தூங்குகிறான். நானும்தான்.

விழுந்த முந்திரி மரங்களை விறகுக்கு விற்று, பாய்க்கு வாடகையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வருகிறோம். "மெதுவா குடுங்க, அவசரம் இல்ல" என்கிறார்.

இன்னும் பாக்கி, நாலாயிரத்து இருநூறு ரூபாய்.