ரொவீனா வாங்கிய பெரிய சம்பளம்

நாற்பத்தொரு வயதில் ரொவீனா ஸ்லோன் நர்ஸ் படிப்புக்குப் போகிறாள் என்றதும் ஊரே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேரின் அப்பனையோ ஆத்தாளையோ குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டிவிட்டவள் அவள்தான். முதியோர் இல்லத்தில் அத்தனை வருடமாக ஆயா வேலை. கென்டக்கியின் கிழக்கு மலைப் பக்கத்தில் நிலக்கரி போன பிறகு மிஞ்சிய ஒரே தொழில் நோய்தான். ஒன்று அதைச் சுமக்க வேண்டும், இல்லாவிட்டால் சுமக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு கூலி வாங்க வேண்டும். ஸ்லோன் வீட்டில் இரண்டும் நடந்தது.

சுமந்தவன் அவள் புருஷன் ஹோபர்ட். சமையலறை மேடைக்குக் கல் அறுக்கும் பட்டறையில் இருபது வருடம் தூசியை இழுத்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவன். முதலாளி கூலியைக் கையில் காசாகவே கொடுத்தான். வரிப் பிடித்தம் இல்லையே என்று ஹோபர்ட்டுக்கும் அப்போது குஷிதான். மூச்சு முட்டத் தொடங்கி, ஊனமுற்றோர் உதவித்தொகை கேட்டுப் போய் நின்றபோது, அவன் வேலை பார்த்ததற்கான தடயமே எந்த அலுவலகத்திலும் இல்லை. பட்டறையையும் பூட்டிவிட்டார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் மருத்துவ அட்டைதான் அவனைத் தூக்கி நிறுத்தியது. ஆக்ஸிஜன் அதில் வந்தது. நுரையீரல் மேலும் இறுகாமல் இருக்க ஒரு மாத்திரையும் அதில் வந்தது. அதன் ஒரு மாத விலையை மருந்துக்கடையில் கேட்ட ஹோபர்ட், "இந்தக் காசுக்கு ஒரு பழைய லாரியே வாங்கிடலாமேய்யா," என்றான்.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. பயறும் சோள ரொட்டியும் இருந்த தட்டுகளைத் தள்ளிவைத்துவிட்டு இருவரும் சாப்பாட்டு மேசையிலேயே படிப்பை எடை போட்டுப் பார்த்தார்கள். ஒரு பக்கம் கல்லூரிக் கட்டணம், புத்தகம், சீருடை, தேர்வுக் கட்டணம், மலையைத் தாண்டிப் போய்வரப் பெட்ரோல், இரண்டு வருடம் பாதி வேலைதான் பார்க்க முடியும் என்பதால் கைவிட்டுப் போகும் கூலி. மறுபக்கம், மணிக்குப் பதினான்கு டாலராக இருக்கும் கூலி முப்பத்திரண்டு டாலர் ஆகும். கறிக்கடைக்காரன் தராசு மாதிரி ரொவீனாவின் மனசு. இரக்கம் பார்க்காது. போட்டது ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்துவிடும் என்று சொன்னது.

"ரெண்டு வருஷம், பொண்ணே. அதுவரைக்கும் நான் இருக்கணுமே."

"நீ இருக்கறதுக்குத்தான்யா இந்தப் படிப்பே. நடுவுல போய்த் தொலைச்சேன்னா போட்ட காசு அத்தனையும் வீண், சொல்லிட்டேன்."

மறுவாரம் ஹோபர்ட் தன் மீன்பிடிப் படகை விற்றுவிட்டு வந்தான். அவளிடம் கேட்கவில்லை. "மீனெல்லாம் என்ன, எனக்காகவா காத்துக்கிட்டுக் கெடக்கு?" என்று பணத்தை மேசையில் வைத்தான். மிச்சத்துக்குக் கடன்.

வகுப்பில் மகள் வயதுப் பெண்கள். மருந்து அளவுக் கணக்குத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கவேண்டும். ஒரு மதிப்பெண் குறைந்தாலும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். போனவர்கள் பலர். ரொவீனா வாரக் கடைசியில் முதியோர் இல்லத்தில் இரட்டை ஷிஃப்ட் பார்த்துக்கொண்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே சூத்திரங்களை ஒட்டிவைத்துக்கொண்டு, விழி பிதுங்கத் தேறினாள்.

படிப்பு முடிந்ததும் அந்தப் பக்கத்தில் ஒரு சடங்கு உண்டு. பட்டம் பெறுகிறவள் தனக்கு வேண்டிய ஒருவரை மேடைக்கு அழைப்பாள். அவர்தான் நர்ஸ் பின் என்கிற சிறு உலோகச் சின்னத்தை அவள் உடுப்பில் குத்திவிட வேண்டும். மற்ற பெண்கள் அம்மாவைக் கூப்பிட்டார்கள். ரொவீனா கூப்பிட்டது ஹோபர்ட்டை. ஆக்ஸிஜன் குடுவையை இழுத்துக்கொண்டு, நாலே படியை நின்று நின்று ஏறி வந்தான். மூச்சு வாங்கிக்கொண்டே குத்தியதில் ஊசி தோலில் இறங்கிவிட்டது.

"குத்திட்டனா?"

"குத்திட்ட. பரவால்ல, இதுக்கும் சேத்துத்தான் ஃபீஸ் கட்டிருக்கோம்."

கீழே இருந்தவர்களுக்கு அவர்கள் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்று புரியவில்லை. அவர்கள் அப்படிச் சேர்ந்து சிரித்தது அதற்குப் பிறகு அதிகம் இல்லை.

மாவட்ட ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை கிடைத்தது. சம்பளம் வந்த மூன்றாம் மாதம், மருந்துக்கடைப் பெண் அட்டையைத் திருப்பித் தந்தாள். "இது இனிமே செல்லாதாம், கண்ணு." ரொவீனா நேரே அட்டை கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்தவள் கணினியைப் பார்த்துச் சொன்னாள்: வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டது, மனைவியின் சம்பளம் புருஷன் கணக்கில்தான் சேரும். ஆஸ்பத்திரி தரும் காப்பீட்டில் ஹோபர்ட்டைச் சேர்த்தால் சம்பளத்தில் பெரிய துண்டு விழும். அப்புறமும் ஒவ்வொரு வருடமும் முதல் சில ஆயிரம் டாலர் செலவு கைக்காசில்தான். அந்த மாத்திரையோ காப்பீட்டுக்காரர்களின் மருந்துப் பட்டியலிலேயே கிடையாது. ரொவீனா அங்கேயே மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். ஆயாவாக இருந்தபோது இதைவிட வசதியாக இருந்திருக்கிறாள். எல்லாச் செலவையும் எழுதி வைத்தவள் இதை எழுத மறந்திருந்தாள். கல்லூரியிலும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கென்ன, கட்டணம் வந்துவிட்டது.

அலுவலகத்துப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு யோசன சொல்ல எனக்கு அனுமதி இல்ல. எங்க சித்தப்பா சித்தி கதைய வேணா சொல்றேன். போன வருஷம் கோர்ட்டுக்குப் போனாங்க, விவாகரத்து வாங்கினாங்க, வந்து அதே கட்டில்ல படுத்துக்கிட்டாங்க. சித்தப்பாவுக்கு அட்ட கெடைச்சிருச்சு."

மலைப் பக்கத்தில் இது ஊரறிந்த வழிதான். யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

"இருபத்தோரு வருஷமா கெஞ்சுறேன், இப்பத்தான் விடுதலை குடுக்கற," என்றான் ஹோபர்ட்.

"வாய மூடு. மோதிரத்தக் கழட்டினேன்னு வெச்சுக்க, வெரலோட போயிரும்."

வக்கீல் விவாகரத்துத் தாளில் கையெழுத்து வாங்கிய பிறகு இன்னொன்றும் சொன்னான். ஹோபர்ட்டுக்குப் பேச முடியாமல் போனால் அவன் சிகிச்சையை ரொவீனா முடிவு செய்யலாம் என்று ஒரு பத்திரம் எழுதிக்கொள்வது நல்லது, அதற்குத் தனியாக இருநூறு டாலர். முதியோர் இல்லத்துக்கு வந்த ஒவ்வொரு குடும்பத்திடமும், "மொதல்ல அந்தப் பத்திரத்த எழுதுங்க," என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னவள் ரொவீனா. ஆனால் அந்த வாரம் கரண்ட் பில் கட்டவேண்டியிருந்தது. "அடுத்த மாசம் வர்றோம்," என்றாள். அடுத்த மாதம் கார் டயர் போனது. அதற்கடுத்த மாதம் வேறு ஏதோ. அவள்மேல் எனக்குக் கோபம் வருகிற இடம் இது ஒன்றுதான்.

விஷயம் ஒஹாயோவில் இருந்த ஹோபர்ட்டின் அக்கா ஓபலின் காதுக்கு எப்படியோ போனது. உண்மையைச் சொல்ல ஹோபர்ட் பயந்தான். அட்டையைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம். ஓபல் கண்ட இடத்திலெல்லாம் பேசினாள்: "ரெண்டு எழுத்துப் படிச்சதும் திமிரு ஏறிப்போச்சு. எந்தம்பிய ஒதறிட்டா."

மாத்திரை தொடர்ந்து வந்தது. அப்படியும் அடுத்த குளிர்காலத்தில் நிமோனியா வந்துவிட்டது. ரொவீனா அவனைத் தன் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தாள். அவனால் பேச முடியவில்லை. முந்தின நாள் அவளோடு வேலை பார்த்த டாக்டர்தான் கேட்டார், மெஷின் வைத்து மூச்சு கொடுக்கத் தொண்டையில் குழாய் போடலாமா என்று.

"வேண்டாம் டாக்டர். குழாய் மட்டும் கூடாதுன்னு தெனம் சொல்லுவாரு."

"நீங்க சொல்றத நான் நம்பறேன், ரொவீனா. ஆனா எழுத்துல எதுவும் இல்ல. சட்டப்படி நீங்க அவருக்கு ஒண்ணும் இல்ல. அக்காவத்தான் கேக்கணும்."

ஓபல் போனிலேயே "போடுங்க" என்று கத்தினாள். மறுநாள் நேரில் வந்தவளிடம் ரொவீனா எல்லாவற்றையும் சொன்னாள். அட்டை, மாத்திரை, கோர்ட்டு, அதே கட்டில். மோதிரத்தைக்கூடக் காட்டினாள்.

"அப்ப கவர்மெண்ட ஏமாத்தினியா, இல்ல இப்ப என்ன ஏமாத்தறியா? ஒண்ணு சொல்லு," என்றாள் ஓபல். "அவன் சாகறதுக்கு உனக்கு என்னடி இவ்வளவு அவசரம்?" போகிற போக்கில், அறைக்குள் வரக்கூடியவர்கள் பட்டியலில் ரொவீனாவின் பெயரை அடிக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் காலை ஷிஃப்டைப் பிரித்துக்கொடுக்கும் தலைமை நர்ஸ் மிஸ்ஸி ரொவீனாவை ஓரமாகக் கூப்பிட்டாள். இரண்டு பேர் வரவில்லை, படுக்கைகள் நிறைந்திருந்தன.

"குடும்பத்து ஆளுக்கு நாமளே நர்ஸா இருக்கக்கூடாதுன்னு விதி இருக்கு. ஆனா கம்ப்யூட்டர்ல அவரு உங்களுக்கு யாருமில்லன்னுதான் இருக்கு. மனசு கேக்குமா, ரொவீனா? எடுத்துக்கறீங்களா?"

எடுத்துக்கொண்டாள். பட்டியல் பார்வையாளர்களுக்குத்தானே, சம்பளத்துக்கு வருகிறவளை யார் தடுப்பது. குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுத்தாள். புரட்டிப் படுக்க வைத்தாள். குழாயை அவன் பிடுங்கிவிடாமல் இருக்கக் கைகளைக் கட்டிலோடு கட்டவேண்டும் என்று உத்தரவு. முடிச்சைச் சோதிப்பதும் அவள் வேலை. ஹோபர்ட் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான், பிறகு கட்டைப் பார்த்தான். அவிழ்க்கச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அவிழ்த்தால் வேலை போகும், வேலை போனால் இந்த அறையும் போகும். கட்டுக்குள் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்துவிட்டு அவன் கையைத் தடவிக்கொடுத்தாள்.

ஷிஃப்ட் முடிந்தால் வெளியே போய்விட வேண்டும். அதனால் யார் லீவு கேட்டாலும் அந்த ஷிஃப்டை அவளே வாங்கிக்கொண்டாள். பணத்துக்குப் பறக்கிறாள் என்று ஓபல் சொன்னாளாம். இரண்டாம் வாரம் ஒரு மத்தியானம், அவள் ஷிஃப்டிலேயே, ஹோபர்ட்டின் இதயம் நின்றது. ரொவீனா கட்டுகளை அவிழ்த்தாள், குழாயை எடுத்தாள், பழைய ஆயா வேலைப் பழக்கத்தில் தலை முதல் கால் வரை அவனைத் துடைத்தாள். ஓபல் கையெழுத்துப் போட்டு உடலை ஒஹாயோவுக்குக் கொண்டுபோனாள்.

வெள்ளிக்கிழமை சம்பளம் வங்கியில் விழுந்தது. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு. படித்ததற்கு அவள் அதுவரை வாங்கியதில் பெரிய சம்பளம் அதுதான். ஹோபர்ட்டின் பக்கத்தில் நின்ற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆஸ்பத்திரி காசு கொடுத்திருந்தது. படிப்புக் கடனில் மீதி இருந்ததற்கு அது சரியாகப் போதும். ரொவீனா கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் போன் செய்து முழுவதையும் கட்டினாள். பணத்தை வாங்கிக்கொண்ட பெண் அவளுக்கு வாழ்த்துச் சொன்னாள்.