கோட்டிங் போட்ட பிறகு ஓட்டலாம்

லேமினேஷன் கடை வைத்திருப்பவருக்கு இந்த உலகத்தில் முழு நம்பிக்கை உள்ள பொருள் ஒன்றுதான்: மெல்லிய, உள்ளே இருப்பது தெரிகிற உறை. பிறப்புச் சான்றிதழோ சொத்துப் பத்திரமோ, சூடான உருளைகளுக்கு நடுவே ஒரு முறை விட்டு எடுத்துவிட்டால் அப்புறம் எமனுக்கே அங்கே வேலையில்லை என்பது அவர் கட்சி. வீட்டில் டிவி ரிமோட் பாலிதீன் பைக்குள் இருந்தபடியேதான் சேனல் மாற்றும். சோபாவில் விரித்த பிளாஸ்டிக்கிலிருந்து விருந்தாளி எழுந்தால், அவருக்கு முன்னால் சத்தம் எழுந்து நிற்கும்.

இப்படிப்பட்டவர் ஐம்பது வயதில் கருநீலத்தில் புதுக் கார் வாங்கினார். மனைவி மருத்துவமனையில் நர்ஸ். காலை ஆறு மணி ஷிப்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறவர். கார் வரப்போகிறது என்று நம்பி ஓட்டக் கற்று, உரிமமும் வாங்கி வைத்திருந்தார். அந்த உரிமத்தைக் கணவர் அன்றைக்கே லேமினேட் செய்து கொடுத்தார். சாவியை மட்டும் கொடுக்கவில்லை.

நம்பர் பிளேட் வரட்டும் என்றார். வந்தது. சீட் கவர் மாட்டட்டும் என்றார். மாட்டியாயிற்று. பிறகு யாரோ சொன்ன செராமிக் கோட்டிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பெயின்ட் மேல் கண்ணாடி மாதிரி ஒரு படலம் உட்கார்ந்துவிடுமாம், மூன்று வருடத்துக்குக் கவலையே இல்லையாம், அதைப் போட்டதும் நீயே ஓட்டு என்றார். போடுவதா வேண்டாமா என்ற யோசனையிலேயே எட்டு மாதம் ஓடியது. கார்தான் ஓடவில்லை.

கடைசியில் ஒரு விடுமுறை நாள் மனைவி அவரையும் காரையும் சேர்த்துக் கிளப்பிக் கோட்டிங் கடைக்குக் கொண்டு போனார். ஓட்டியது கணவர்தான்.

கடைக்காரர் காரைக் கழுவித் துடைத்துவிட்டு, கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு கதவைத் தடவிப் பார்த்தார். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பை போட்ட விரலுக்குத் தெரியுமாம். லேமினேஷன்காரருக்கு மனம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி கடைக்காரர் கை பானெட்டுக்குப் போகும்வரைதான்.

பானெட்டில் கம்பெனியிலிருந்து வரும் வழியில் கீறல் விழாமல் இருக்க ஒட்டிய பிலிம் அப்படியே இருந்தது. டெலிவரி அன்று உரிக்க வந்தவரைத் தடுத்து, இருக்கட்டும், நல்லதுக்குத்தானே என்று இவரே காப்பாற்றி வைத்தது. கடைக்காரர் சூடு காட்டி அதை உரித்தார். அடியில் நோட்டுப் புத்தக அளவுக்கு ஒரு மங்கல். எட்டு மாத வெயிலில் பசை பெயின்டோடு சம்பந்தம் செய்துகொண்டிருந்தது.

"இதுக்கு மேலயே கோட்டிங் போட்டா, இந்தக் கறையைத்தான் சார் மூணு வருஷம் பத்திரமா வச்சிருக்கும்."

முதலில் பாலிஷ், பிறகு கோட்டிங், மூன்று நாள் கடையில் இருக்க வேண்டும், அப்புறம் ஒரு வாரம் தண்ணீரே படக்கூடாது என்று விளக்கினார். பத்து நாள் கார் பத்திரம் என்று லேமினேஷன்காரர் கணக்குப் போட்டார். மனைவியும் ஒரு கணக்கு வைத்திருந்தார்.

"கேட்ல உரசினா தாங்குமா?"

"தாங்காதுக்கா. அழுக்கு ஒட்டாது, கழுவறது சுலபம், பளபளப்பு நிக்கும். அவ்வளவுதான்."

"அப்ப கீறலே விழாம இருக்கணும்னா?"

"வண்டிய வெளிய எடுக்கக் கூடாது."

லேமினேஷன்காரர் முகம் மலர்ந்தது. அவரைப் புரிந்துகொண்ட முதல் மனிதர்.

மனைவி குரலை உயர்த்தவில்லை. "எட்டு மாசமா காருக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னு பாத்தீங்க. ரெண்டு பஸ் மாறிப் போறவளைப் பத்தி ஒரு நாள் யோசிச்சீங்களா? கோட்டிங் போடுங்க, போடாம இருங்க. நாளைக்குக் காலைல எனக்கு சாவி வேணும்."

கடைக்காரர் அவசரமாக ஒரு துணியைத் தேடிப் போனார்.

லேமினேஷன்காரர் மங்கலையே பார்த்துக்கொண்டு நின்றார். கல் தெறிக்கவில்லை, எந்த மாடும் உரசவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்து அடிக்கவில்லை. அந்தக் காருக்கு இதுவரை கெடுதல் செய்த ஒரே ஆள் அவர்தான். இன்றைக்கே முடிகிற மாதிரி என்ன செய்யலாம் என்று விசாரித்தார். அந்த இடத்தை மட்டும் பாலிஷ் போட்டு, மேலே மெழுகு பூசலாம், இரண்டு மணி நேரம் ஆகும், மெழுகு சில மாதம்தான் நிற்கும், திரும்பப் பூச வேண்டும் என்றார் கடைக்காரர்.

"மெழுகே போதும்."

மங்கல் முக்கால்வாசி போனது. கால்வாசி, பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்படி தங்கிவிட்டது. அவர் சாவியை எடுத்து மனைவியிடம் நீட்டினார். "நாளைக்கு எதுக்கு? இப்பவே எடு."

கடையின் வாசல் குறுகல், இரண்டு பக்கமும் தூண். மனைவி சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பி, நிதானமாகப் பின்னால் எடுத்தார். இடப்பக்கத் தூணுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. அந்த நேரம் பக்கத்து சீட்டில் இருந்தவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார் என்று மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்.

ஒரு கண்ணைத்தான் என்கிறார் கணவர்.