முதலாளி வாங்கிய சம்பளம்

ஆடிட்டர் ஆபீஸ் வேலை என்பது, அடுத்தவர் பணத்தைப் பற்றிய கெட்ட சேதியை அவரிடமே பதமாகச் சொல்லும் வேலை. எழுபதுகளின் நடுவில் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மண்டியின் மாடியில் நான் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். அப்படிப்பட்ட நாற்காலியில் நீங்களும் உட்கார்ந்திருந்தால் என் பாடு புரியும். எங்கள் பார்ட்டிகளில் ஒருவர் முத்துசாமி. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். பேங்க் கடன் சுலபமாகும் என்று யாரோ சொல்ல, அதை பிரைவேட் லிமிடெட் ஆக்கினார்.

கல்லாவில் கை வைக்காதே

வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுத்தே பழகியவர் அவர். இனி லாபம் கம்பெனியுடையது, நீங்கள் டைரக்டர், மாதச் சம்பளம்தான் வாங்கலாம் என்றேன். லாபத்தில் பங்கு வேண்டுமென்றால் முதலில் கம்பெனி வரி கட்டும், மிச்சம் கைக்கு வந்தபின் நீங்கள் தனியாகக் கட்ட வேண்டும் என்றும் சொன்னேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரே காசுக்கு ரெண்டு தடவை வரி கட்டறதுக்கா நான் டைரக்டர் ஆனனுங்க?”

டைரக்டரம்மா

இன்னொரு டைரக்டர் அவர் மனைவி பாவாயி. அந்தம்மாவுக்கும் சம்பளம் போட்டிருந்தோம். வருமான வரி அதிகாரி விசாரணைக்குக் கூப்பிட்டார். கஞ்சி போட்ட சேலையில் பஸ் ஏறி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார் பாவாயி. ஆர்டர் பிடிப்பீர்களா, கணக்கு பார்ப்பீர்களா என்று அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில். அந்தச் சம்பளத்தைச் செலவாக ஏற்க முடியாது என்று தள்ளிவிட்டார். கம்பெனிக்கு வரி ஏறியது. வாங்கிய சம்பளத்துக்கு அந்தம்மா கட்டிய வரியும் திரும்பவில்லை. படியிறங்கும்போது என்னிடம் கேட்டார்:

“பட்டறை ஆளுக அத்தனை பேருக்கும் ரெண்டு வேளை சோறு ஆக்கிப் போடறனுங்க சாமி. அது வேலையில சேராதுங்களா?”

கல்யாணக் கடன்

மகள் கல்யாணத்துக்குச் சம்பளம் போதவில்லை. எங்களைக் கேட்காமலே முத்துசாமி கம்பெனியிலிருந்து கடனாக எடுத்தார். தன் காட்டில் விளைந்த மரவள்ளிக் கிழங்கு விற்றதும் நாணயமாகத் திருப்பியும் கட்டினார். ஆனால் இப்படிக் குடும்பத்துக்குள்ளேயே பங்கு வைத்திருக்கும் கம்பெனி தன் பெரிய பங்குதாரருக்குக் கடன் கொடுத்தால், அதை லாபத்தில் கொடுத்த பங்காகத்தான் சட்டம் பார்க்கும். திருப்பிக் கட்டினாலும் வரி வரிதான்.

சேதி சொல்ல நான் போன அன்று அங்கே மாப்பிள்ளை விருந்து. எனக்கும் இலை போட்டார்கள். சாப்பிட்டு எழுந்ததும் கை கழுவும் இடத்தில்தான் சொன்னேன். அவர் திண்டாடிப்போய் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“மெதுவாச் சொல்லுங்க. மாப்பிள்ளை காதுல உழுந்தா, கடன் வாங்கிக் கட்டிக் குடுத்தேன்னு நெனைப்பாரு.”

ஜாமீன் கையெழுத்து

எண்பதுகளில் ஒரு பெரிய லாரிக்காரர் வரிசையாக பாடி கட்டிக்கொண்டு பணம் தராமல் கைவிரித்தார். பட்டறை படுத்துவிட்டது. கம்பெனிக் கடன் முதலாளியின் வீட்டைத் தொடாது என்பது சட்டம். ஆனால் பேங்கில் கடன் கொடுக்கும்போதே புருஷன் பெண்டாட்டி இருவரிடமும், கம்பெனி கட்டாவிட்டால் நாங்கள் கட்டுகிறோம் என்று சொந்த ஜாமீன் வாங்கியிருந்தார்கள். வீடு ஏலத்துக்குப் போனது.

நான் போனபோது பாவாயி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை. முத்துசாமிதான் வாசலுக்கு வந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“லிமிடெட்டுன்னா ஒரு அளவோட நிக்கும்னு சொன்னாங்க. எந்த அளவுன்னு அப்பவே கேட்டிருக்கோணுமுங்க.”

நான் பார்த்த வரைக்கும், சின்னக் கம்பெனியின் லாபத்துக்குப் பங்காளிகள் பல பேர், நஷ்டத்துக்கு மட்டும் முதலாளி ஒருவர்தான் முழுச் சொந்தக்காரர்.