மாடி அறைக்குள் முதலில் நுழைந்தவர்

எங்கள் கூட்டமைப்பின் வரலாற்றை ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாதாம், யார் மனமும் புண்படக் கூடாதாம். அப்படி எழுதினால் தலைப்பைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. அதனால் மலருக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

மதுரைக்குப் படிக்க வரும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு அறை கிடைப்பது பெரும் பாடு. அதற்கு வழி பார்க்கத்தான் அந்தமான், மூணாறு, வியட்நாம் என்று மூன்று மாணவர் சங்கங்கள் சேர்ந்து கூட்டமைப்பு ஆயின. கப்பலூரில் பிறந்து வளர்ந்த நான் அதற்குச் செயலாளர். வீட்டுக்காரர்களிடம் பேச உள்ளூர்க்காரன் ஒருத்தன் வேண்டுமாம்.

முதல் கூட்டம் அழகர்கோவிலில். பேனரில் எந்தச் சங்கத்தின் பெயர் மேலே வருவது என்று அந்தமான் தலைவரும் மூணாறு தலைவரும் மல்லுக்கு நின்றதில், வீட்டைப் பற்றிப் பேச நேரமில்லாமல் தோசை சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். அடுத்த கூட்டத்தில் நடு நாற்காலி யாருக்கு என்று தகராறு. இருவரும் நல்ல பிள்ளைகள்தான், மைக்கைக் கண்டால் மட்டும் ஆள் மாறிவிடுவார்கள்.

வியட்நாம் சங்கத்தில் ஆரம்பத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி படிப்பு முடிந்து ஊருக்குப் போய்விட, மற்றவளே தலைவர், பொருளாளர், உறுப்பினர் எல்லாம். ஆனாலும் சங்கத்துக்கு ஒரு ஓட்டு என்பது விதி. அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, நடுவில் இவள். தலைவர்கள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

அவளுக்கு வேண்டியதோ ஒன்றே ஒன்றுதான். குடியிருந்த அறையிலேயே இருக்க வேண்டும். கே.கே. நகரில் ஒரு வீட்டு மாடியில் இருந்தாள். கீழே வீட்டுக்கார அம்மா, கணவர் இறந்து பல வருஷமாகத் தனியாக இருப்பவர். இவள் சமையலில் ஊற்றும், உப்பில் ஊறவைத்து வடித்த மீன் சாற்றின் வாடை தாங்கவில்லை, மாசக் கடைசியில் காலி செய் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் வைக்கும் கருவாட்டுக் குழம்பு தெருமுனைக்கே வந்து நம்மை அழைத்துப் போகும் என்பது வேறு விஷயம். ஆராய்ச்சிப் படிப்பின் நடுவில் எங்கே போய் அறை தேடுவேன் என்று அவள் அழுதாள். கூட்டமைப்பு கூடி வன்மையாகக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அதை அந்த அம்மாவிடம் யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதில் மட்டும் போட்டியே இல்லை.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் வியட்நாம்காரர்களின் புத்தாண்டு வந்தது. காலையில் எல்லாரையும் அறைக்குக் கூப்பிட்டிருந்தாள். தலைவர்கள் இஸ்திரி போட்ட சட்டையில் ஆளுக்கொரு கூட்டத்தோடு வந்து மாடிப்படியை அடைத்து நின்றார்கள். யார் முதலில் நுழைவது என்று இன்றைக்கு அடிதடிதான் என நினைத்தேன்.

அவள் கதவைத் திறந்து தங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னாள். இன்றைக்கு முதலில் உள்ளே கால் வைப்பவரின் ராசிதான் வருஷம் முழுக்க இந்த அறைக்கு. படிப்பு, வீடு எல்லாமே அதன்படிதான் நடக்கும்.

"நீங்க போங்கண்ணே," என்றார் அந்தமான் தலைவர். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை.

"எனக்கே அம்புட்டு அரியர் கெடக்கு. நீங்க போங்க," என்று மூணாறு தலைவர் ஒரு படி கீழே இறங்கினார்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர்களுக்கு முன்னால் செயலாளர் போவது மரபல்ல என்றேன். வாசலில் நின்றவளின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் வீட்டுக்கார அம்மா, படி நெடுகச் செருப்பா என்று சத்தம் போட்டுக்கொண்டே மேலே வந்தார். எங்களை விலக்கிக்கொண்டு நேராக அறைக்குள் போய், யாரைக் கேட்டு இவ்வளவு பேரைக் கூட்டினாய் என்று அதட்டினார். அவளோ ஓடிவந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்கதான் மொதல்ல வந்தீங்க. இந்த வருசம் பூரா உங்க ராசி."

அவருக்குப் புரியவில்லை. நான் வெளியே நின்றபடியே விளக்கினேன். அவர் முகத்திலிருந்த கோபம் போய்விட்டது.

"வெவரம் தெரியாத புள்ள," என்றார் மெதுவாக. "நான் புருசன் இல்லாதவ. எதுத்த வீட்டு விசேசத்துக்கே என்னய யாரும் முன்னால விட மாட்டாக."

"நீங்க வந்துட்டீங்க அக்கா. உக்காருங்க."

உட்கார்ந்தார். வாழையிலையில் கட்டி அவித்த சோற்றை அவள் பிரித்து வைத்தாள். தொட்டுக்கொள்ள அந்த மீன் சாறு. அவர் ஒரு விள்ளல் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார்.

மாசக் கடைசி வந்தது, போனது. காலி செய்யும் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. 'தலைவர்களின் அயராத முயற்சியால் வீட்டுப் பிரச்சினை சுமுகமாகத் தீர்ந்தது' என்று மலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எந்தத் தலைவர் பெயரை முதலில் போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை.

இந்த வருஷப் புத்தாண்டுக்குப் போனபோது கேட் உள்ளே பூட்டியிருந்தது. அந்த அம்மா பட்டுச்சேலை கட்டி, தலையில் ஈரம் காயாமல் படிக்கட்டருகே நின்றார்.

"செத்த நில்லுங்கப்பா," என்றார். "நான் மொதல்ல ஏறிக்கிறேன்."