கடைசியாக இறங்குகிறோம்

அந்தமானில் பாம்பூஃப்ளாட்டிலிருந்து கடலுக்கு அக்கரையில் இருக்கும் சாத்தத்துக்குத் தினமும் படகில்தான் வேலைக்குப் போகிறேன். நான்கு வயது மகள் நிலாவின் பள்ளியும் அக்கரையில்தான். "அம்மா, தண்ணியப் பாரேன்" என்று வழியெல்லாம் நச்சரிப்பாள். நான் பார்த்ததே இல்லை. படகைக் கயிறு போட்டுக் கட்டுவதற்குள் வாசலில் போய் நின்றுவிடுவேன். முதலில் இறங்கினால்தான் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் அப்படி முண்டியடித்து இறங்கி, பஸ்ஸில் இடமும் பிடித்துவிட்டேன். அவளுடைய பள்ளிப்பை என் தோளில் இருந்தது, அவளைக் காணோம். பதறிக்கொண்டு ஓடினேன். படகு திரும்பிப் போக ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. படகு ஊழியர் ஒருவர் அவள் கையைப் பிடித்தபடி நின்றார்.

"யே பச்சி ஆப்கீ ஹை?" என்று இந்தியில் கேட்டார்.

ஆமாம், என் குழந்தைதான் என்று சொல்லி அவள் கையை வாங்கிக்கொண்டேன்.

நிலா அழவில்லை. "கூப்பிட்டேன்மா. நீதான் எப்பவுமே திரும்ப மாட்டியே" என்றாள், சாதாரணமாக. கூனிக் குறுகிப்போனேன்.

இப்போதெல்லாம் கூட்டம் போன பிறகே இறங்குகிறோம். பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போகிறேன். நேற்று படகில் அவள் ஏதோ யோசனையில் இருந்தாள். தண்ணீரில் ஒரு ஜெல்லி மீன் மிதந்து போனது. "நிலா, அங்க பாரு" என்றேன்.

ஒருமுறை கூப்பிட்டதுமே திரும்பிவிட்டாள்.